பாதி மருந்து

லா லூசியா மேட்டில் கடல் பார்த்த வீடு.
வியாழன்தோறும் காலை ஏழரைக்கு
என் வண்டி மூச்சிரைத்து ஏறி நிற்கும்.
பாக்கி என்பார்கள் டர்பனில் இந்தச் சின்ன வண்டியை.
இன்னும் பதினாறு தவணை இருப்பதால்
பேர் பொருந்தித்தான் போகிறது.

முதலில் சுவரிலுள்ள மின்கசிவு சுவிட்ச்.
சோதனைப் பொத்தானை அழுத்தினால்
டக்கென்று விழ வேண்டும்.
விழாத வீட்டில் நான் தண்ணீரில் விரல் வைப்பதில்லை,
வீடு எத்தனை பெரிதானாலும்.

பிறகு மூடி.
குரங்குகள் வாரைக் கடித்துவைத்திருந்தன.
இந்த மேட்டுக் குரங்குகளுக்குப்
பூட்டும் ஒரு வகைப் பழம்.
புது வார் மாட்டி இழுத்துப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டில் நடை பழகும் பிள்ளை இருக்கிறது.
மூடாத வெந்நீர்த் தொட்டி
அதற்குக் கிணறு.

தெளிவாகத்தானே இருக்கிறது என்பார்கள் எல்லாரும்.
தெளிந்த தண்ணீர்தான் கூசாமல் பொய் சொல்லும்.
மின்வெட்டுக் காலத்தில் பம்பு நின்று
மூன்றே நாளில், கண்ணாடி போலிருந்த தொட்டிக்குள்
குழாய்ச் சுவரெல்லாம் வழுவழுத்திருந்ததை
இந்த விரல்கள் தொட்டிருக்கின்றன.

அதனால் நான் தாளைத்தான் நம்புவேன்.
முக்கி எடுத்துப்
பதினைந்து எண்ணினால் நிறம் பேசும்.

இரண்டு பேர் இறங்குகிற தொட்டி
வாரத்துக்கு எவ்வளவு குளோரின் தின்னும் என்று
மூன்று வருடக் கணக்கு நோட்டில் இருக்கிறது.
போன மாதம் தாளில் ஊதா கூடியிருந்தது.
கை தவறியிருக்கும் என்று குறைத்தேன்.
அடுத்த வாரமும் கூடுதல்.
மறுபடி குறைத்தேன்.
மருந்து மிஞ்சிக் கிடந்தது,
சாப்பிட ஆள் வராத வீட்டுச் சோறு மாதிரி.

வடிகட்டியின் மடிப்புகளைக் குழாயடியில் விரித்தபோது
எப்போதும் சுற்றிக்கொண்டு வரும் நீள முடி இல்லை.
குட்டையாய், நரைத்ததாய், நாலைந்து.
அடி மடிப்பில்
ஒரு தோட்டின் திருகு.

கழுவித் துடைத்து
யுகன் மூட்லியின் உள்ளங்கையில் வைத்தேன்.
காப்பிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றார்.
"சலோஷ்னா கேப் டவுனுக்குப் போயிருக்கிறாள்."
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தொட்டியோடு வந்த பலகையில்
முதல் வரியே, தனியாக இறங்காதீர்கள்.
மூன்று வருடமாக
அதன் மேல்தான் துண்டு தொங்குகிறது.

சூடு நாற்பதில் நின்றது.
விளிம்பில் விஸ்கி டம்ளரின் வட்டம்,
ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாய்.
முப்பத்தெட்டுக்கு இறக்கினேன்.
"பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா?"
போடுகிறார்.
"அப்படியானால் இதுவா அதுவா
முடிவு செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து வேண்டாம்.
கால் மணிக்குப் போனில் மணி வையுங்கள்.
அடித்ததும் எழுந்திருங்கள், மெதுவாக,
கம்பியைப் பிடித்து."

"அடித்தும் எழாவிட்டால் யார் வருவார்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
"குரங்குகள்" என்றேன்.
அவர் சிரிப்பு அதற்கப்புறம் கொஞ்ச நேரம்
எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே இருந்தது.

பம்பை ஓடவிட்டு
பாதி மருந்தைத் தண்ணீர் மேல் தூவினேன்.
மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது,
வரிசை மாறினால் முகத்தில் வெடிக்கும்.
சில செய்திகளும் அப்படித்தான்.

நோட்டில் 'ஆள்' என்ற கட்டத்தில்
இரண்டை அழித்தேன்.
பென்சில்தான், ஆனாலும் தடம் இருக்கிறது.
ஒன்று என்று எழுதிவிட்டு
வாசலில் நின்று சொன்னேன்:
இறங்கும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள்.
ஏறிய பின் ஒன்று.
இரண்டாவது வராவிட்டால்
உங்கள் தம்பியைக் கூப்பிடுவேன், நம்பர் கொடுங்கள்.
இது சர்வீஸில் சேர்ந்தது, தனிக் கட்டணம் இல்லை.

சாட்ஸ்வர்த்தில் என் சமையலறை.
பருப்புக்குத் தாளிக்கும்போது போன் நடுங்கும்.
'இறங்குகிறேன்.'
கடுகு வெடித்து, கறிவேப்பிலை அடங்கி,
பிள்ளைகள் தட்டைக் கழுவும் வரை
ஒரு காது மேசை மேலேயே இருக்கும்.
'ஏறிவிட்டேன். 38. பதினாலு நிமிடம்.'

ஈரக் கையால் தட்டுவேன்:
மூடி?

பூட்டியாச்சு.