சிக்கிக்கிச்சா

முப்பத்திரண்டுக்குத் தைத்த உறை.
மாற்றிக் கொடுத்ததோ முப்பத்தெட்டு.
குமாரசாமிப்பட்டி மைதானத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
துப்பாக்கியை மட்டும் தந்தார்கள்.
உறைக்கு எழுதிப் போட்டா ஆறு மாசம் ஆகும் மேடம்,
ஊறப்போட்டு இழுங்க,
தோல்தானே, சொன்னாக் கேக்கும் என்றார்
ஆர்மரர் செபஸ்தியான்.

நான் சொல்லவில்லை. நேரமில்லை.
நாலு மாதம் அது என் இடுப்பில்
பாதி வெளியே தொங்கிக்கொண்டே வந்தது,
கொண்டை ஊசி வளைவு இருபதிலும்
பஸ் படிக்கட்டில் நிற்கிற ஆள் மாதிரி.

இன்று ராத்திரி பத்தரை. ஏற்காடு ஸ்டேஷன்.
ரைட்டர் பூங்காவனம் பார்க்க
தோட்டா ஆறையும் எவர்சில்வர் டம்ளரில் போட்டேன்.
எண்ணினார்.
நான் சும்மா இருந்ததால் இன்னொரு தரம் எண்ணினார்.

வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும்.
அமுக்கினால் தையலுக்குத் தையல் குமிழி.
எனக்கு முன்னால் கட்டியவரின் வியர்வை
கறுப்பாக இறங்குகிறது.
நீல ஆவின் கவர் இரண்டைக் கத்தரித்து
துப்பாக்கிக்குச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு
உள்ளே தள்ளுகிறேன்.
சட்டை மாட்டுகிற வேலை இல்லை இது.
பிரசவத்தைப் பின்னோக்கி ஓட்டுவது.

உருளையின் புடைப்பைக் கட்டைவிரலால் தேடி
வெளியிலிருந்து அழுத்துகிறேன்.
விளிம்புகளுக்குக் கரண்டிக் காம்பு.

போன மாதம், நாகலூர் தாண்டி, லைன் வீடு.
அவன் பெண்சாதி உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.
காத்தவராயன் கவாத்துக் கத்தியோடு திரும்பினான்.
என் கை போனது. பிடி கிடைத்தது.
இழுத்தேன், வரவில்லை.
மறுபடி இழுத்தேன்,
பெல்ட்டும் சட்டையும் சேர்ந்து விலா வரைக்கும் ஏறின.
அவன் நின்று பார்த்தான்.
"சிக்கிக்கிச்சா மேடம்?" என்றான்,
நிஜமான அக்கறையோடு.
கத்தி தானாகக் கீழே தாழ்ந்தது.
அதற்குள் ஏட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

வந்திருந்தால்?

இன்ஸ்பெக்டர் மெமோவில் எழுதினார்:
உறையை உடனடியாகச் சரிசெய்து அறிக்கை தரவும்.

இந்தப் பனியில் எதுவும் காயாது.
வெயிலும் ஆகாது, அடுப்பும் ஆகாது, தோல் வெடிக்கும்.
வயர்லெஸ் பெட்டியின் முதுகு எப்போதும் வெதுவெதுப்பு;
அதன் பக்கத்தில் வைத்துவிட்டு
விடியும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.
சேலத்திலிருந்து யார் யாரோ யார் யாரையோ தேடினார்கள்.
மூன்று ராத்திரி இப்படி.

காத்தவராயன் ஜாமீனில் வந்துவிட்டான்.
ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எதிர்ப்பட்டால்
முகத்தைப் பார்ப்பதில்லை,
இடுப்பைப் பார்க்கிறான்.

நாலாம் நாள் காலை
கவரை உரித்தேன், தேன்மெழுகு தடவினேன்.
வாய்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கம்.
அதையும் நீவிவிடலாம், ஐந்து நிமிட வேலை.
கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று
காலியாக இழுத்துப் பார்த்தேன்.
வருகிறது.
கேட்பதற்கு முன்பே வருகிறது.

பூங்காவனம் கதவைத் தட்டினார்.
"மேடம், தோட்டாவ எடுத்துக்கிட்டா
டம்ளரக் கழுவிடுவேன்.
டீ வந்திருச்சு."