அழுக்குத் துணிக் கணக்கு

பதினோரு சட்டை, இரண்டு உபரி.
டோங்காட் கிங்ஃபிஷர்ஸ் ஆடிய பருவங்களை
சோப்புத் தண்ணீரின் நிறத்தில் படித்தவள் நான்.
ஆட்டத்துக்கு ஆறு ராண்ட் அவர்களுக்கு,
மூட்டைக்கு ஐம்பது சென்ட் எனக்கு.

அறுபத்தொன்பது: செம்மண்.
எழுபது: செம்மண், முழங்கைக் கிழிசல், மூன்றாமிடம்.
எழுபத்தொன்றில்
கரும்புக்காடு எரிந்த வாரம்
வெளிர்நீலமெல்லாம் கரித்தூள்.
அன்றுதான் பாலன் படையாச்சி
நடுக்கோட்டிலிருந்து அடித்தானாம்.
நான் பார்க்கவில்லை, ஞாயிறு சமையல்.
ஒன்பதாம் எண்ணின் முதுகில் மட்டும்
ஏழெட்டுக் கரிக்கைகளின் தடம்.

கோல்கீப்பர் கிஸ்டன் சட்டை
எப்போதும் சுத்தம். விழவே மாட்டான்.
எழுபத்திரண்டில் நாங்கள் கடைசி.

பிறகு மைதானத்தில் பலகை நட்டது நகராட்சி:
வெள்ளையருக்கு மட்டும்.
திங்கட்கிழமை மூட்டை வரவில்லை.
கொடியில் கிளிப்புகள்
விசிலுக்குக் காத்து நின்றன.

நேற்று சந்தையில் பாலன்,
காலைத் தாங்கித் தாங்கி
உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தான்.
"அந்த கோல் ஞாபகம் இருக்கா அக்கா?"
இருக்கு என்றேன்.
மூன்று தரம் அலசினேன்,
போகவேயில்லை.