சமையலறைக்குக் கீழே

சுரங்கக் கம்பெனியில் எனக்கு
விரிசல் அளக்கும் வேலை.
ஒரு கண்ணாடிப் பட்டை, கொஞ்சம் சாந்து, ஒரு குறிப்பேடு.
விரிசலின் குறுக்கே பட்டையை ஒட்டிவிட்டு வருவேன்.
அடுத்த மாதம் அது உடைந்திருந்தால்
வீடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிட்டோம் நகரத்தில்
எல்லா வீடும் கொஞ்சம் நடக்கும்.
தெருமுனையில் ஒரு குளம்.
என் வரைபடத்தில் அது கால்பந்து மைதானம்.
வாத்துகளுக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டன.

இன்று ரூஃபின் ஷிமூராவின் வீடு, மூன்றாம் மாடி.
கதவைத் திறக்க உள்ளிருந்து
தோளால் இடிக்க வேண்டியிருந்தது அவருக்கு.
"நிலை சாய்ந்துவிட்டது" என்றார்,
வாருங்கள் என்று சொல்வதுபோல.
கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் செங்கல்.
ட்ரூடா சூப்பை ஊற்றினாள்.
கிண்ணத்தின் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது,
மறுபக்கம் இரண்டு விரல் பள்ளம்.
பையிலிருந்த ரசமட்டத்தை நான் வெளியே எடுக்கவில்லை.

ரூஃபின் நிலக்கரி வெட்டுபவர்,
இருபத்திரண்டு வருடமாக.
"போன செவ்வாய்க்கிழமை
இந்தச் சமையலறைக்கு நேர் கீழே இருந்தேன்,
எழுநூறு மீட்டரில்.
முட்டைக்கோஸ் வாசம் வந்தது."
ட்ரூடா கைத்துணியால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.
சிரித்தோம்.
சுவரிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்தது,
சிரிப்பால் அல்ல.

மகள் ஓட்டிலியாவின் பல்லுக்குப் போட்ட கம்பி,
அவள் கிராக்கோவில் படிக்கும் படிப்பு,
எல்லாம் அந்த எழுநூறு மீட்டரிலிருந்து ஏறி வந்தவை.
படிப்பு காற்றைப் பற்றியது.
தூசி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று
அவள் அனுப்பும் தாளை அப்பா
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டுகிறார்.
படிப்பதில்லை.
கையெழுத்து அழகாக இருக்கிறது என்கிறார்.

சம்பளத்தோடு வருடத்துக்கு எட்டு டன் கரி, இனாம்.
ஜனவரி இரவில் குழாய்த் தண்ணீர் உறையும்போது
அந்த எட்டு டன்னைத் திட்டியவர் யாரையும்
நான் பார்த்ததில்லை.
காலையில் அதே எட்டு டன்
தெருவிளக்கு உயரத்துக்கு வந்து நிற்கும், மஞ்சளாக.
ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று
பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வரும்.
கீழ்வீட்டுப் பையன் ஸிமெக்
படிக்கட்டில் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சுகிறான்.
மருந்துச் சீட்டிலும் கம்பெனி முத்திரை.
என் சட்டைப் பையிலும் அதே முத்திரைதான்.
வார்சாவில் யாரோ தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்.
விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை அவருக்கு.

விரிசலை அளந்தேன்.
ஏழு மில்லிமீட்டர் வந்தால்
வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும்.
"ஐந்து என்று எழுதுங்கள்" என்றாள் ட்ரூடா.
"உள்ளதை எழுதுங்கள்" என்றார் ரூஃபின்.
அதன்பின் என்னை மறந்துவிட்டார்கள்.

"மூன்று வருடத்தில் மூடப்போகிறார்களாமே.
சுரங்கம் நின்றால் சுவர் நிற்கும்."
"சம்பளமும் நிற்கும்."
"நிற்கட்டும்."
"ஓட்டிலியாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது."
ட்ரூடா கரண்டியைக் கழுவினாள்.
கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினாள்.

ஆறரை என்று எழுதினேன்.
அதுதான் சரியான அளவு.
யாருக்கும் பிடிக்கவில்லை.

இரண்டு மணி ஷிஃப்டுக்கு அவர் கிளம்பினார்,
ரொட்டிப் பொட்டலத்தோடு,
கதவை மறுபடி தோளால் இடித்துக்கொண்டு.
சாந்து காய அரைமணி நேரமாவது வேண்டும்.
நான் காத்திருந்தேன்.

"மூன்றரைக்கெல்லாம் இங்கே வந்துவிடுவார்"
என்று தரையைக் காட்டினாள்.
ரேடியோவை நிறுத்தினாள்.
செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு
வெறுங்காலோடு நின்றாள்,
சமையலறை நடுவில்.

நான் கண்ணாடிப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.