முடிக்கச் சொல்லுங்கள்

நகராட்சிக் கடிதத்தில் என் பெயர் கூப்பன்.
குப்பனைக் கப்பலில் ஏற்றி இறக்கும்போது
யாரோ இழுத்துவிட்ட நெடில்.
நான்கு தலைமுறையாய் நாங்கள் திருத்தவில்லை.

புகார் கொடுத்தவர்: தெம்பெகிலே செலே,
சாட்ஸ்வொர்த், யூனிட் மூன்று,
என் சுவரின் மறுபக்கம்.

'தினமும் ஆறு மணிக்கு அந்த வீட்டில்
இரண்டு சுரங்கள் சண்டை போடுகின்றன.
முடிப்பதே இல்லை.
ஒன்று, நிறுத்தச் சொல்லுங்கள்.
இல்லையென்றால் முடிக்கச் சொல்லுங்கள்.'

அவள் வாதி. நான் பிரதிவாதி.
சண்டைக்காரர்கள் விவாதி.
பழந்தமிழில் சுற்றி வளைப்பதில்லை,
நரம்புக்கு நரம்பு பகை என்றே எழுதிவைத்தார்கள்.

ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன் நான்.
எந்தக் கம்ப்ரஸர் எந்தச் சுருதியில் சாகும் என்று
வாசலிலேயே சொல்லிவிடுவேன்.
பாட்டு, கேசட்டில் கேட்டுப் பிடித்தது.
கனகாங்கியைத் தொடாதே என்றார்கள்
கோயில் கமிட்டியில்.
பாடினால் வீட்டுக்கு ஆகாதாம்.
வீட்டுக்கு ஏற்கெனவே ஆகவில்லை.
சாலாட்சி பீனிக்ஸில், தம்பி வீட்டில்,
இரண்டு வருஷமாக.

கவுன்டர் பையனுக்கு விளக்கிப் பார்த்தேன்:
ஸ, ரி, க,
டாக்ஸியின் பின்சீட்டு மாதிரி
தொடையோடு தொடை.
அப்புறம் இரண்டு கட்டை காலி.
யாரும் குடியேறாத புல்.
அதைத் தாண்டித்தான் ம.
'உம்லாஸ் ஆறு மாதிரியா?' என்றான்.

அப்படித்தான்.
எங்களை இந்தக் கரையிலும்
தெம்பெகிலேயின் ஆட்களை அந்தக் கரையிலும் நெருக்கி
நடுவில் வெறும் நிலம் விட்டவர்களுக்குக்
கனகாங்கி தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.
அந்த க, வேறு ராகங்களில் ரி.
பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டிய வீடு.
பழைய பெயருக்குக் கடிதம் இன்னும் வரும்.

உண்மையில் நான் தாட்டுப் போட்டே பாடினேன்.
ஸ, ரி, ஒரே தாவலில் ம.
இல்லையென்றால் ரியைத் தின்றுவிட்டு க.
இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில்
இருமினேன்.
சாலாட்சியிடமும் அதேதான்.
பேச்சு அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வந்ததும்
வேனில் கேஸ் கசிகிறது என்று
எழுந்து போவேன்.
வேனில் எதுவும் கசிந்ததில்லை.

நேற்று லோட் ஷெடிங்.
போனுக்குள் சுருதிப் பெட்டி, பன்னிரண்டு சதவீதம்.
ஹடீடாக்கள் தகரத்தைக் கிழித்தபடி
கூரை மாறிக்கொண்டிருந்தன.

ஸ.
ரி.
அசைக்காமல், கமகத்தில் ஒளியாமல்,
ஒட்டினாற்போல்
க.

உரசியது.
கடைவாய்ப் பல்லில் ஈயத்தாள் பட்டது போல.
ஓடிவிடத் தோன்றியது. நின்றேன்.
முன்னால் குடியிருந்தவரின் வாடை போகாத அறையில்
க தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது,
என் மூச்சு தீரும்வரை.

சுவர் அரைச் செங்கல்தான்.
அந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பது நின்றது.
அவளுக்குச் சர்ச்சில் கீழ்க்குரல்,
ஞாயிறுகளில் கேட்டிருக்கிறேன்.
சேர்ந்து பாடவில்லை.
தட்டவும் இல்லை.
ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.
அதன் கால் சிமென்டில் கீறியது
எந்தச் சுருதியிலும் இல்லை.

ரிக்குத் திரும்பினேன்.
மறுபடி க.
மறுபடி.

'முடிந்ததா?' என்றது சுவர்.

'இல்லை.
இன்னும் தவும் நியும் பாக்கி.'