வலது கீழ் ஆறு

உளுந்தைக் கடித்து விலை சொல்பவன் நான்.
பாயின்னவுங் சந்தையில் மூட்டைக்குள் குத்தூசி இறக்கி
உள்ளங்கையில் கொட்டியதில் ஒன்றை
வலது கடைவாயில் வைப்பேன்.
டக்கென்று உடைந்தால் காய்ந்தது.
நசுங்கினால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும்.
அந்தச் சத்தத்துக்குத்தான்
ஏற்றுமதிக்காரர் எனக்குக் கூலி தருகிறார்.

மாசியில், பெகுவிலிருந்து வந்த லாட்டில்
உளுந்து நிறத்திலேயே ஒரு கல்.
உடைந்தது கல் இல்லை.

பதினோரு நாள் இடப்பக்கமே தின்றேன்.
கிராம்பு வைத்தேன்.
பன்னிரண்டாம் நாள் காது வலித்தது.
பதின்மூன்றாம் நாள் கன்னம்
எனக்கு முன்னால் நடந்து போனது.

ஹ்லெடான் முனை, மூன்றாம் மாடி.
"ஊ டின் மவுங்" என்று கூப்பிட்டார்கள்.
இரண்டாம் தடவைதான் எழுந்தேன்.
அட்டையில் அது நான்.
வீட்டில் சங்கிலிமுத்து.

பக்கத்து நாற்காலியில் பச்சை லுங்கிப் பள்ளிக்கூடத்துப் பெண்.
நாலு நல்ல பல்லை எடுக்கப் போகிறார்களாம்.
சொத்தையா என்றேன்.
இடமில்லை என்றாள்.
குற்றம் செய்யாத நாலு பேரை இறக்கிவிட்டால்
பஸ்ஸில் மற்றவர்கள் நேராக நிற்பார்கள், அவ்வளவுதான்.
கைபேசியில் ஏதோ சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கின் ஹ்னின் யீ படத்தை விளக்கில் வைத்தார்.
விரிசல் மேலிருந்து கீழே,
வேர் இரண்டாகப் பிரியும் இடத்தையும் தாண்டி.
சொத்தை என்றால் சுரண்டி அடைப்பாராம்,
நரம்பு செத்திருந்தால் வேரைச் சுத்தம் செய்து தொப்பி போடுவாராம்.
இது அஸ்திவாரம் பிளந்த வீடு.
பூசினால், பூச்சுக்குள்ளே சீழ் குடியிருக்கும்.

சர்க்கரை உண்டா? ரத்தம் இளக மாத்திரை உண்டா?
இரண்டுக்கும் இல்லை என்றேன்.
வெற்றிலை?
அதற்குப் பற்களே பதில் சொல்லிவிட்டன.

ஊசி, கடைசிப் பல்லுக்கும் பின்னால்.
எறும்புக் கடி மாதிரி என்றார்.
புற்றே கடித்தது.
பிறகு நாக்கில் பாதி, உதட்டில் பாதி
யாரோ இரவல் வாங்கிப் போனார்கள்.
'பல்' என்று சொல்லிப் பார்த்தேன்.
உதடு ஒட்டவில்லை.
'அல்' என்று வந்தது.

பர்மியில் பல்லுக்கு த்வா.
போ என்பதற்கும் த்வா.
ஐம்பத்தெட்டு வருஷமாக இரண்டையும் சொல்கிறேன்,
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கொறடு முதலில் வரவில்லை.
மெல்லிய நெம்புகோல் ஒன்று ஈறுக்குள் வழி கேட்டது.
பல்லை எலும்பில் ஆணியாக அடித்திருக்கவில்லை,
நார் நாராகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.
இழுப்பதில்லை, ஆட்டுவது.
கன்னப்பக்கம், நாக்குப்பக்கம், திரும்பக் கன்னப்பக்கம்,
குழி தானாக அகலும் வரை.
வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள்,
அழுத்தினால் பொறுங்கள் என்றார்.
இரண்டும் வேறு வேறு என்று
அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சத்தம் மண்டைக்குள் கேட்டது.
டக் இல்லை.
நசுங்கல்.
ஈரம், இன்னும் இரண்டு வெயில் என்று
திறந்த வாயோடு விலை சொல்லப் பார்த்தேன்.

பாதி வந்தது.
மீதி வேர் தனியாக, வளைந்து, மனமில்லாமல்.
"த்வா த்வாபி" என்றாள் உதவிக்காரி.
பல் போய்விட்டது.

பஞ்சை மடித்து வைத்து, கடி என்றார்கள்.
முக்கால் மணி நேரம்
விலையில்லாத ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
துப்பாதே, உறிஞ்சாதே.
குழியில் உறைகிற ரத்தம்தான் மூடி.
நாளையிலிருந்து உப்புநீர்.
ஒரு வாரம் வெற்றிலைக்கு லீவு.

பல்லைக் காகிதத்தில் கட்டித் தந்தார்கள்.
சாம்பிள் தராசில் வைத்தேன்.
இரண்டு கிராமும் கொஞ்சமும்.
நான் நிறுத்ததிலேயே சின்ன லாட்.

நாலாம் நாள் சந்தை.
கை பழக்கத்தில் வலப்பக்கம் போனது,
நாக்கு வாசலில் நின்று திருப்பி அனுப்பியது.
இடப்பக்கம் வைத்தேன்.
டக் மாதிரி ஏதோ.
காய்ந்ததா?
அந்தப் பக்கம் வெறும் சோறு தின்றே வளர்ந்தது,
உளுந்தைப் பற்றி அதற்கு அபிப்பிராயம் கிடையாது.

இன்னொன்று எடுத்தேன்.
மூட்டைக்காரன் என் வாயையே பார்க்கிறான்.