பக்கம் பதினொன்று

திங்கட்கிழமை நான் பிறந்தது மட்டக்களப்பில்.
புதன்கிழமை நெடுந்தீவில்.
வெள்ளிக்கு எனக்கு இருபத்திரண்டு வயது,
அரும்பு மீசை,
இடக்காலில் ஒரு துண்டு இரும்பு.

பேர்ன் நகரில் என் வேலை இதுதான்:
அகதி விசாரணையில் அடுத்தவருடைய ‘நானை’
நான் என்றே ஜெர்மனில் சொல்வது.
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
அழுதால், தண்ணீர் வேண்டுமா என்று
அதிகாரிதான் கேட்க வேண்டும்.
பிறகு நான் அதைத் தமிழில் கேட்பேன்.

இரவு வீட்டில்
தாளில் ‘நான்’ என்று எழுதினால்
யாருடையது என்று தெரியாமல்
பேனை நின்றுவிடும்.
அப்படிப் பதினான்கு மாதம்.

செய்யாத வைத்தியம் இல்லை.
மேசையை யன்னலடிக்கு இழுத்தேன், பிறகு சமையலறைக்கு.
பச்சை மை வாங்கினேன்.
விடிய ஐந்துக்கு எழும்பி ஆரே ஆற்றங்கரையில் நடந்தேன்.
ஆறு நன்றாகத்தான் ஓடியது, அதற்கென்ன.
யாரோ சொன்னார்களென்று ஒரு மாதம் இரவில் சோறு விட்டேன்.
பாரிஸிலிருந்து குகதாசன் மாதம் தவறாமல் எடுப்பார்:
“இதழ் அச்சுக்குப் போகுது, உங்கட பக்கம் வெறுமையா இருக்கு.”
வெறுமையாகவே போடுங்கோ என்றேன் ஒருமுறை.
அவர் சிரிக்கவில்லை.
நகைக்கடை விளம்பரம் போட்டார்.

போன செவ்வாய் ஒரு மனிதர்.
பெயர் சொல்ல மாட்டேன்.
அறைக்குள் சொன்ன எதையும் வெளியே சொல்வதில்லை என்று
ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.
குறிப்பெடுத்த தாள்கூட
அன்றே கிழிக்கும் இயந்திரத்துக்குப் போய்விடும்.
சொல்லாததைப் பற்றி
அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

அதிகாரி கேட்டார்: ஏன் திரும்பிப் போனீர்கள்?
நானும் கேட்டேன்: ஏன் திரும்பிப் போனீங்கள்?
மேசை விளிம்பில் உரிந்திருந்த பிளாஸ்டிக்கை
அவர் நகத்தால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.
நான் வாயைப் பாதி திறந்தபடி,
துவக்குச் சத்தத்துக்கு நிற்கும் ஓட்டக்காரிபோல
(பொருத்தமில்லாத உவமை, விடுங்கள்)
அவருடைய முதல் சொல்லுக்கு நின்றேன்.
நான்கு நிமிடம்.
தட்டச்சில் இருந்த பெண்
ஒரேயொரு சொல்லை அடித்தாள்.

முடிவில் எல்லாவற்றையும்
அவருக்குத் தமிழில் திரும்ப வாசிக்க வேண்டும்.
பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம்.
பதினோராம் பக்கத்தில் அந்தச் சொல் வந்தது.
ஜெர்மனில் அது சும்மா இருக்கிறது,
பேசவில்லை, அவ்வளவுதான்.
என் வாயில் வந்தது இப்படி:
“இந்த இடத்தில் நீங்கள் மௌனம் காத்தீர்கள்.”

அவர் நிமிர்ந்தார்.
“ஓம்,” என்றார். “காத்தனான்.”
ஒப்பமிட்டார்.

ஆடு புகாமல் வயலைக் காக்கிற அதே காத்தல்.
கூட்டக் கூடாது என்று தெரிந்தவள்
ஒரு காவலைக் கூட்டிவிட்டேன்.
நானில்லை, மொழி கூட்டியது.
அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் ட்ராமில் ஈரக் கோட்டுகளின் வாசம்.
கையில் பேக்கரிப் பை, வேறு தாளில்லை.
‘நான்’ போடாமல் தொடங்கினேன்.
தமிழில் அது இல்லாமலும் நடக்கும்:
வந்தேன், இருந்தேன், திரும்பிப் போனேன்.
ஆள் வினையின் வாலில் தொங்கிக்கொள்வார்.
அந்த வாலைப் பிரித்துப் பார்த்தால்
ஒவ்வொன்றிலும் ஓர் ஏன்.
நாள் முழுக்க அதிகாரி கேட்கிற ஏன்.
இங்கே பதிலுக்கு யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெண்ணெய் ஊறிய இடத்தில் மை பிடிக்கவில்லை.
சுற்றிப் போய் எழுதினேன்.
இறங்க வேண்டிய தரிப்பு போய்விட்டது,
அடுத்ததும்.

வீட்டில் பையைக் கிழித்து விரித்தால் ஏழு வரி.
இரண்டு தேறும்.
குகதாசனுக்கு எடுத்தேன்.
எத்தனை வரி என்றார்.
நடுவில் ஓர் இடம் எழுதாமல் கிடக்கிறது,
அதையும் எண்ணுவதா
என்று கேட்டேன்.