கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது

மானூருக்கு அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில்
விடியுமுன் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.
ஒரு நாள் வேலை, ஐந்நூறு ரூபாய், இரண்டு பொட்டலம்.
வரிசை தெரிய வேண்டும்,
அட்டை மறைப்பின் உள்பக்கம் தெரியக் கூடாது.
பயிற்சி அவ்வளவுதான்.

என் ஓட்டு வீரவநல்லூரில் கிடந்தது.
போய்த் திரும்ப நாலு பஸ்.
எனக்குப் பதில் உட்கார ஆளில்லை.
ஊரெல்லாம் போடுவதைப் பார்க்கக் கூலி வாங்கியதில்
என் முதல் ஓட்டு போயிற்று.

ஆகஸ்டில், பாளையங்கோட்டையில், எங்கள் வகுப்பில்
இன்னொரு தேர்தல் நடந்தது.
நாற்பத்தாறு பேர், நோட்டில் கிழித்த தாள்.
ஜெபக்கனி நின்றாள்:
பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்,
லேபுக்கு மின்விசிறி,
வண்ணார்பேட்டை பஸ் கேட்டில் நிற்க வேண்டும்.
உச்சிமாகாளி நின்றான்.
அவன் எதுவும் கேட்கவில்லை.
மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது.
நிறம் சொல்ல மாட்டேன்,
திருநெல்வேலியில் படித்தவனுக்குச் சொல்ல வேண்டாம்.

எண்ணியவன் நான்.
கரும்பலகையில் நாலு கோடு, குறுக்கே ஒன்று.
தாளைப் பிரிக்கவே தேவையில்லை,
பெஞ்சு பெஞ்சாகக் கைகளைப் பார்த்தால் போதும்.
இருபத்தாறு. இருபது.
"ஏல, கணக்கு சரியா வந்துட்டுல்லா" என்றான் செய்யது மசூது.
சரியாக வந்ததுதான் தொண்டையில் நின்றது.

என் தாளையும் நானே பிரித்தேன்.
அதில் ஜெபக்கனி இல்லை.
இரண்டு வருஷம் ரெக்கார்டு நோட்டை
மாற்றி மாற்றி எழுதியவர்கள் நாங்கள்.

அன்றே கயிற்றை அறுத்தேன் என்றால்
கேட்க நன்றாயிருக்கும்.
அறுக்கவில்லை.
சோப்புத் தண்ணீரில் நைந்து நைந்து
மார்கழியில் ஒரு நாள் தானாக விழுந்தது.
எடுத்து ஜன்னலில் வைத்தேன், ஏனென்று தெரியவில்லை.

ஹாஸ்டலில் ராத்திரி டெல்லியைப் பேசுவோம்.
யார் வருவான், யார் கவிழ்ப்பான், எந்தச் சட்டம் மோசம்.
எனக்கும் கருத்து உண்டு, சத்தமாகவே உண்டு.
டெல்லியைத் திட்டுவது சுலபம்.
டெல்லிக்கு எங்கள் பெஞ்சு தெரியாது.

சாவடியில் மூன்று கட்சி ஏஜெண்டுகள்
ஒரே முறுக்குப் பொட்டலத்தில் கை விட்டார்கள்.
பெயரைப் பார்த்தே
இது உனக்கு, இது எனக்கு என்று
மத்தியானத்துக்குள் எண்ணி முடித்தார்கள்.
மிஷினைத் திறப்பது ஜூனில்.

பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தி வந்தாள்,
நீள வளர்த்த நகம்,
மை எங்கே வைப்பதென்று டீச்சருக்குக் குழப்பம்.
கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"தம்பி, யாருக்குப் போட்டேன்னு இதுல தெரியுமா?"
"தெரியாதுக்கா."
"எங்க வீட்டுக்காரருக்கு?"
"யாருக்குமே தெரியாது."
உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.
திரையில் மேஜைக்கடியில் அவள் குதிகால் மட்டும்
எழும்பித் தாழ்ந்தது.
பிறகு பீப் என்று நீளமாக ஒரு சத்தம்.

அப்போதுதான் கவனித்தேன்.
அந்த அட்டை விரலை மட்டும் மறைக்கவில்லை,
மணிக்கட்டையும் சேர்த்தே மறைக்கிறது.
மூன்றடி அட்டை.
எங்கள் வகுப்பில் அதுகூட இல்லை.

பிரிண்டர் வந்த பெட்டி ஒன்றைக்
கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன், அடுத்த ஆகஸ்டுக்கு.
கேன்டீனில் ஜெபக்கனியிடம் சொன்னேன்.
மறுபடி நிற்பாயா என்றேன்.
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:
"தாழ்ப்பாள நானே வாங்கி மாட்டிட்டேன்.
முப்பத்தஞ்சு ரூவா."

நான் யாருக்குப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை.
எண்ணிய தாள்கள் சாயங்காலம் வரை
மேஜையில்தான் கிடந்தன.
என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.